ஆந்த்ரேஸ் மானுவேல் டெல் ரியோ

ஆந்த்ரேஸ் மானுவேல் டெல் ரியோ (நவம்பர் 10, 1764 - மார்ச் 23, 1849) ஸ்பெயினில் பிறந்து மெக்சிக்கோவில் வாழ்ந்த கனிமவியலாளரும் வேதியியலாளரும் ஆவார். இன்று வனேடியம் என அழைக்கப்படும் தனிமத்தை 1801 ஆம் ஆண்டு ஒரு ஈயத் தாதுவில் முதன்முதலாக இனங்கண்டவர் இவரே. எனினும் தாம் கண்டது ஏற்கனவே அறியப்பட்ட குரோமியமே என்று கருதித் தம் கண்டுபிடிப்பைத் தாமே மீட்டுக்கொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அதே தனிமம் சுவீடனில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் இவருடைய முதல் முடிவே சரியானது என்பது தெளிவாயிற்று. அதற்குள் அத்தனிமத்திற்கு வேறு பெயர் நிலைபெற்றுவிட்டது.

அமெரிக்கக் கண்டத்தில் கனிமவியலை முறையான பாடமாகக் கற்பித்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். மெக்சிக்கோ நகரின் சுரங்கவியல் கல்லூரியில் பல தலைமுறை மாணவர்களைப் பயிற்றுவித்தார்.

இளமையும் கல்வியும்

டெல் ரியோ ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில் பிறந்தார். அல்காலா தெ எனாரெஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்னர், அல்மடேன் நகரிலிருந்த சுரங்கவியல் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அல்மடேன் பாதரசச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பெருமளவில் பாதரசம் தேவைப்பட்டதால், ஸ்பானிய அரசு இச்சுரங்கங்களை மிக முதன்மையானவையாகக் கருதியது.

திறமைமிக்க மாணவரான இவரை அரசு தன் செலவில் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. முதலில் பாரிசில் வேதியியல் பயின்றார். பின்னர் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் சுரங்கவியல் கழகத்தில், அக்காலத்தின் புகழ்பெற்ற கனிமவியல் ஆசிரியரான ஆபிரகாம் கோட்லாப் வெர்னரிடம் பாடம் கேட்டார். கனிமங்களை நிறம், கடினத்தன்மை, பிளவு, எடை போன்ற புறப்பண்புகளைக் கொண்டு வகைப்படுத்தும் வெர்னரின் முறை இவர் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அறிவியலாளராக விளங்கிய அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டும் ஃபிரைபெர்க்கில் பயின்றவர். இவ்விருவரின் நட்பு பின்னர் டெல் ரியோவின் வாழ்க்கையில் முக்கிய இடம் பெற்றது. அக்கால அங்கேரியின் செம்னிட்ஸ் நகரிலும் (இன்றைய சிலோவாக்கியாவின் பான்ஸ்கா ஸ்தியாவ்னித்சா) சுரங்கத் தொழிலை நேரில் கற்றார்.

சுரங்கவியல் கல்லூரியில்

மெக்சிக்கோ அப்போது புதிய ஸ்பெயின் என்ற பெயரில் ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. உலகின் வெள்ளி உற்பத்தியில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. சுரங்கத் தொழிலுக்குத் தேர்ந்த வல்லுநர்களை உருவாக்கும் நோக்கில் 1792 இல் மெக்சிக்கோ நகரில் அரச சுரங்கவியல் கல்லூரி தொடங்கப்பட்டது. தன் தமையனுடன் சேர்ந்து 1783 இல் டங்ஸ்டன் தனிமத்தைப் பிரித்தெடுத்த ஃபௌஸ்தோ எலுயார் இதன் முதல் தலைவர். ஆகவே டங்ஸ்டனுடனும் வனேடியத்துடனும் தொடர்புடைய இரு அறிஞர்கள் ஒரே கல்லூரியில் பணியாற்றினர் என்பது குறிப்பிடத்தக்கது.

டெல் ரியோ 1794 இல் கடல் கடந்து மெக்சிக்கோவை அடைந்தார். 1795 இல் கனிமவியல் வகுப்புகளைத் தொடங்கினார். மாணவர்கள் கையில் கொடுப்பதற்கு ஸ்பானிய மொழியில் பொருத்தமான நூல் இல்லாததால் தாமே ஒரு பாடநூலை எழுதினார். கனிமங்களை இனங்காணும் கலையின் அடிப்படைகளை விளக்கும் அந்நூலின் முதற்பகுதி 1795 இலும் இரண்டாம் பகுதி 1805 இலும் மெக்சிக்கோ நகரில் அச்சாயின. அமெரிக்கக் கண்டத்தில் எழுதி அச்சிடப்பட்ட முதல் கனிமவியல் பாடநூலாக இது கருதப்படுகிறது.

இவர் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. பச்சூக்கா நகருக்கு அருகிலிருந்த மோரான் சுரங்கத்தில் தேங்கிய நீரை வெளியேற்ற, நீரின் அழுத்தத்தாலேயே இயங்கும் எந்திரம் ஒன்று இவருடைய மேற்பார்வையில் நிறுவப்பட்டது. 1805 முதல் மிச்சோவாக்கான் பகுதியின் கோல்கோமானில் இரும்பு உருக்காலை ஒன்றை அமைக்கும் பணியிலும் ஈடுபட்டார். ஸ்பெயினிலிருந்து இரும்பு வருவது தடைப்பட்டிருந்த அக்காலத்தில் இவ்வாலை பெரிதும் வேண்டப்பட்ட ஒன்றாக இருந்தது. பின்னர் மூண்ட விடுதலைப் போரில் அது அழிக்கப்பட்டது.

பழுப்பு ஈயத் தாது

1801 இல் டெல் ரியோ, இன்றைய இடால்கோ மாநிலத்தைச் சேர்ந்த சிமாபான் என்னுமிடத்திலிருந்து கிடைத்த ஒரு தாதுவை ஆய்வு செய்தார். பழுப்பு நிறமாக இருந்ததால் அதனைப் பழுப்பு ஈயம் என்றே அழைத்தனர். பகுத்துப் பார்த்ததில் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈய ஆக்சைடு இருப்பது தெரிந்தது. எஞ்சியவற்றுள் ஏறத்தாழ 15 விழுக்காடு, அதுவரை அறியப்பட்ட எந்த உலோகத்தோடும் ஒத்துப்போகாத ஒரு பொருளாக இருந்தது.

இப்பொருளிலிருந்து உருவாக்கிய சேர்மங்கள் பல்வேறு நிறங்களைக் காட்டின. எனவே முதலில் எல்லா நிறங்களும் உடையது என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களிலிருந்து பான்குரோமியம் என்று பெயரிட்டார். பின்னர், அதன் உப்புகள் சூடாக்கும்போதும் அமிலம் சேர்க்கும்போதும் சிவப்பாக மாறுவதைக் கண்டு எரித்ரோனியம் என்று பெயரை மாற்றினார். இதற்குச் செந்நிறமானது என்று பொருள். இக்கண்டுபிடிப்பு பற்றிய குறிப்பு 1802 இல் மாட்ரிட்டின் அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது.

கண்டுபிடிப்பு கைநழுவிய விதம்

பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் 1797 இல் சைபீரியச் செவ்வீயத் தாதுவிலிருந்து குரோமியத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதுவும் ஈயத் தாதுவில் கிடைத்தது, அதன் சேர்மங்களும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பல நிறங்கள் காட்டின. குரோமியம் என்ற பெயரே நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஃபூர்குரோயாவின் வேதியியல் நூலில் குரோமியத்தின் பண்புகளைப் படித்த டெல் ரியோவுக்குத் தம் முடிவில் ஐயம் எழுந்தது. தம்மிடம் இருப்பது புதிய தனிமம் அன்று, குரோமியம் கலந்த ஈயத் தாதுவே என்று எண்ணலானார்.

1803 இல் ஹம்போல்ட் தம் அமெரிக்கப் பயணத்தின் ஒரு பகுதியாக மெக்சிக்கோ வந்தார். பழைய நண்பரான டெல் ரியோ அவரிடம் பழுப்பு ஈயத் தாதுவின் மாதிரிகளையும் தம் ஆய்வு விவரங்களையும் கொடுத்தார். ஆய்வை முழுமையாக விளக்கிய அறிக்கை ஐரோப்பா செல்லும் வழியில் கப்பல் விபத்தில் அழிந்துபோனதாகக் குறிப்பிடப்படுகிறது. பாரிசை அடைந்தது, புதிய பொருளுக்கும் குரோமியத்துக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டும் ஒரு சுருக்கமான குறிப்பு மட்டுமே. வேறுபாடுகளை எடுத்துரைத்த பகுதி அங்கிருந்தவர்களின் பார்வைக்கு எட்டவில்லை.

பாரிசில் கொலே-தெகோத்தீல் என்ற வேதியியலாளர் அம்மாதிரியை ஆய்ந்தார். அதிலிருப்பது குரோமியமே என்று 1805 இல் அறிவித்தார். இதற்கு முன்னரே, கார்ஸ்டன் என்னும் ஜெர்மானியக் கனிமவியலாளரின் அட்டவணைகளை ஸ்பானிய மொழியில் பெயர்த்து 1804 இல் வெளியிட்டபோது, டெல் ரியோ தாமும் அத்தாதுவைக் குரோமிய ஈயம் என்று குறித்துவிட்டார். இவ்வாறு கண்டவரே கைவிட, பாரிசின் தீர்ப்பும் அதற்கு எதிராக அமைய, எரித்ரோனியம் தனிமங்களின் பட்டியலிலிருந்து மறைந்தது.

இத்தவறுக்குச் சில காரணங்களைக் கூறலாம். இரு தனிமங்களின் சேர்மங்களும் நிறத்தில் ஒத்திருந்தன. தனிமங்களைத் தெளிவாகப் பிரித்தறிய உதவும் நிறமாலை ஆய்வு முறை 1859 ஆம் ஆண்டுக்குப் பின்னரே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களிலிருந்து வெகுதொலைவில், கடல் வழியாகத் தாமதமாக வந்துசேரும் நூல்களை நம்பியே டெல் ரியோ பணியாற்ற வேண்டியிருந்தது.

சுவீடனில் மறு கண்டுபிடிப்பு

சுவீடன் நாட்டின் ஃபாலூன் நகரைச் சேர்ந்த நீல்ஸ் காப்ரியேல் செவ்ஸ்ட்ரோம் 1830 இல் இரும்பின் தன்மைகளை ஆராய்ந்துவந்தார். எளிதில் முறியும் இரும்பை அமிலத்தில் கரைத்தால் கருந்தூள் ஒன்று எஞ்சும் என்பது அறிந்ததே. ஆனால் தாபெரி சுரங்கத்தின் தாதுவிலிருந்து கிடைத்த, முறியாத நல்ல இரும்பும் அத்தகைய கருந்தூளைத் தந்தது. அதனை ஆராய்ந்தபோது புதிய தனிமம் ஒன்று வெளிப்பட்டது. செவ்ஸ்ட்ரோமின் ஆசிரியரான யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் இவ்வாய்வில் துணைநின்றார். வடபுலத் தொன்மங்களில் அழகின் தெய்வமான ஃபிரெய்யாவுக்கு வனாதீஸ் என்றொரு பெயர் உண்டு. அப்பெயரைக் கொண்டு புதிய தனிமம் வனேடியம் எனப்பட்டது.

சிமாபான் தாதுவை அதே காலத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் பிரெடரிக் வோலரும் ஆராய்ந்துகொண்டிருந்தார். நச்சு வளியை நுகர்ந்து நோயுற்றதால் அவருடைய பணி தடைப்பட்டது. செவ்ஸ்ட்ரோமின் கண்டுபிடிப்பு வெளியான பின், 1831 இல் வோலர் இரண்டையும் ஒப்பிட்டார். மெக்சிக்கோத் தாதுவில் இருந்தது குரோமியம் அன்று, வனேடியமே என்று உறுதிப்படுத்தினார். டெல் ரியோ 1801 இல் கண்ட எரித்ரோனியமும் செவ்ஸ்ட்ரோமின் வனேடியமும் ஒன்றே என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

அமெரிக்காவில் பணியாற்றிய நிலவியலாளர் ஃபெதர்ஸ்டன்ஹா, முதலில் கண்டவரைச் சிறப்பிக்கும் வகையில் இத்தனிமத்திற்கு ரியோனியம் என்று பெயரிடலாம் என 1831 இல் முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. தம் உரிமை பறிபோனது குறித்து டெல் ரியோவுக்கு மனக்குறை இருந்தது. அதில் ஒரு பகுதி ஹம்போல்ட்டின் மீதும் இருந்தது.

அரசியலும் நாடுகடந்த வாழ்வும்

1820 இல் ஸ்பெயினில் அரசியலமைப்பு ஆட்சி மீண்டும் ஏற்பட்டபோது, டெல் ரியோ ஸ்பானிய நாடாளுமன்றத்திற்குப் புதிய ஸ்பெயினின் பேராளர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாட்ரிட் சென்றார். தாம் பிறந்த நாட்டின் அவையில், தாம் வாழ்ந்த நாட்டின் விடுதலைக்கு ஆதரவான நிலையை எடுத்தார். 1821 இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றது. ஸ்பெயினிலேயே தங்கிவிடும் வாய்ப்பு இருந்தும் அவர் மெக்சிக்கோவுக்கே திரும்பித் தம் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

1820களின் இறுதியில் மெக்சிக்கோ அரசு ஸ்பெயினில் பிறந்தவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் சட்டங்களை இயற்றியது. டெல் ரியோவுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் வெளியேற்றப்பட்ட தம் தோழர்களோடு உடன்நிற்கும் பொருட்டு, 1829 இல் அறுபத்து நான்கு வயதில் தாமாகவே நாட்டைவிட்டு நீங்கினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிலடெல்பியா நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கிருந்த அறிவியல் கழகங்கள் அவரை மதித்து வரவேற்றன. தம் கனிமவியல் நூலின் திருத்திய இரண்டாம் பதிப்பை 1832 இல் அங்கேயே வெளியிட்டார்.

1834 இல் மெக்சிக்கோ திரும்பி மீண்டும் பேராசிரியரானார். 1841 இல் நிலவியல் கையேடு ஒன்றை வெளியிட்டார். முதுமையிலும் கற்பித்தலைக் கைவிடாத இவர், 1849 இல் தம் 84 ஆம் அகவையில் மெக்சிக்கோ நகரில் காலமானார்.

வனேடியத்தின் பண்புகள்

டெல் ரியோ, செவ்ஸ்ட்ரோம் ஆகிய இருவருமே வனேடியத்தைத் தூய உலோகமாகக் காணவில்லை. பெர்சீலியஸ் உலோகம் என்று கருதியதும் உண்மையில் ஒரு சேர்மமே என்பதை ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி ராஸ்கோ 1867 இல் காட்டினார். வனேடியம் குளோரைடை ஐதரசனால் ஒடுக்கி அவர் உலோகத்தைப் பெற்றார். வளையக்கூடிய தூய வனேடியம் 1927 இல்தான் கிடைத்தது. இன்று சிமாபான் தாது வனேடினைட்டு எனப்படுகிறது. இது ஈயம், வனேடியம், ஆக்சிசன், குளோரின் ஆகியவை அடங்கிய கனிமம்.

வனேடியத்தின் அணு எண் 23. வெள்ளி போன்ற சாம்பல் நிறமுடைய இவ்வுலோகம் 1910 பாகை செல்சியசில் உருகும். இதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6.1 கிராம். தனிம அட்டவணையில் இது குரோமியத்திற்கு இடப்புறம் அடுத்து அமைந்துள்ளது. இரண்டையும் பிரித்தறிவது ஏன் கடினமாக இருந்தது என்பதை இந்த அண்மையும் விளக்குகிறது.

இதன் சேர்மங்களில் +2 முதல் +5 வரையிலான ஆக்சிசனேற்ற நிலைகள் பரவலாகக் காணப்படுகின்றன. நீர்க்கரைசலில் +2 நிலை ஊதா, +3 நிலை பச்சை, +4 நிலை நீலம், +5 நிலை மஞ்சள் ஆகிய நிறங்களைத் தருகின்றன. டெல் ரியோ முதலில் வைத்த பான்குரோமியம் என்ற பெயர் பொருத்தமானதே என்பதை இதனால் அறியலாம். இன்றும் பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் கரைசலில் துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து இந்நான்கு நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றச் செய்வர்.

பயன்கள்

உலகில் உற்பத்தியாகும் வனேடியத்தின் பெரும்பகுதி எஃகு செய்யப் பயன்படுகிறது. சிறிதளவு சேர்த்தாலே அது எஃகிலுள்ள கரிமத்துடனும் நைதரசனுடனும் இணைந்து மிக நுண்ணிய கடினத் துகள்களை உண்டாக்குகிறது. இத்துகள்கள் எஃகின் மணிகள் பெருக்காதபடி தடுத்து அதன் வலிமையைக் கூட்டுகின்றன. கட்டடக் கம்பிகள், குழாய்கள், வெட்டும் கருவிகள், விற்சுருள்கள் போன்றவற்றில் இவ்வகை எஃகு பயன்படுகிறது. 1908 இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் டி வகைத் தானுந்தில் வனேடிய எஃகு பயன்படுத்தப்பட்டது. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த டைட்டேனியக் கலப்புலோகம் வானூர்திப் பகுதிகளிலும் உடலினுள் பொருத்தும் மருத்துவக் கருவிகளிலும் இடம்பெறுகிறது.

வனேடியம் ஐந்தாக்சைடு கந்தக அமிலத் தயாரிப்பில் வினையூக்கியாகும். கந்தக ஈராக்சைடை மூவாக்சைடாக மாற்றும் படியில் இது உதவுகிறது. முன்னர் இதற்கு விலைமிகுந்த பிளாட்டினம் பயன்பட்டது. வனேடியச் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை. ஐந்தாக்சைடின் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படும்.

ஆற்றல் சேமிப்பு

வனேடியம் நான்கு நிலைகளில் இருக்கவல்லது என்ற பண்பே வனேடியப் பாய்வு மின்கலத்தின் அடிப்படை. சாதாரண மின்கலங்களில் ஆற்றல் மின்முனைகளில் சேமிக்கப்படுகிறது. பாய்வு மின்கலத்திலோ அது இரு தொட்டிகளிலுள்ள நீர்மங்களில் சேமிக்கப்படுகிறது. கந்தக அமிலத்தில் கரைந்த வனேடியம் ஒரு தொட்டியில் +2, +3 நிலைகளிலும், மற்றொன்றில் +4, +5 நிலைகளிலும் இருக்கும். எக்கிகள் இந்நீர்மங்களை மின்கல அடுக்கினுள் செலுத்துகின்றன. அங்கே ஒரு மென்படலம் இரண்டையும் பிரிக்கிறது. மின்னிறக்கத்தின்போது +2 நிலை +3 ஆகவும், +5 நிலை +4 ஆகவும் மாறி மின்சாரம் பிறக்கிறது. மின்னேற்றம் செய்யும்போது இவை எதிர்த்திசையில் நிகழ்கின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.26 வோல்ட்டு.

1970களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, இரும்பையும் குரோமியத்தையும் கொண்ட பாய்வு மின்கலத்தை உருவாக்க முயன்றது. இரு வேறு தனிமங்கள் மென்படலத்தைக் கடந்து ஒன்றோடொன்று கலந்து மின்கலத்தின் கொள்திறனைக் குறைத்தன. இரு பக்கத்திலும் ஒரே தனிமம் இருந்தால், கலந்தாலும் நீர்மம் நிரந்தரமாகக் கெடாது. 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலஸ்-கசாகோசும் அவருடைய குழுவினரும் வனேடியத்தைக் கொண்டு இதனை நடைமுறைப்படுத்தினர். ஒரு காலத்தில் குரோமியம் என்று தள்ளப்பட்ட தனிமம், இங்குக் குரோமியத்தால் தீராத இடர்ப்பாட்டைத் தீர்த்தது.

இவ்வகை மின்கலத்தில் தொட்டியைப் பெரிதாக்கினால் சேமிக்கும் ஆற்றல் கூடும், அடுக்குகளைப் பெருக்கினால் திறன் கூடும். இரண்டையும் தனித்தனியே தேவைக்கேற்ப அமைக்கலாம். நீர்மம் தீப்பற்றாது, பல்லாயிரம் முறை மின்னேற்றம் செய்யலாம். எனவே சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் கிடைக்கும் மின்சாரத்தைப் பல மணி நேரம் சேமித்து வைக்க இது ஏற்றது. எடை மிகுதி என்பதால் ஊர்திகளுக்குப் பொருந்தாது. வனேடியத்தின் விலை அடிக்கடி ஏறி இறங்குவதும் ஒரு குறை. சீனாவின் தாலியன் நகரில் 2022 இல் மின்கட்டமைப்புடன் இணைக்கப்பட்ட நிலையத்தின் முதற்கட்டம் 100 மெகாவாட் திறனும் 400 மெகாவாட் மணி கொள்ளளவும் உடையது.

நினைவும் மதிப்பும்

வனேடியத்தின் வரலாற்றைக் கூறும் இன்றைய நூல்கள் முதற்கண்டுபிடிப்பாளராக டெல் ரியோவையும் மறுகண்டுபிடிப்பாளராகச் செவ்ஸ்ட்ரோமையும் குறிப்பிடுகின்றன. மெக்சிக்கோ வேதியியல் கழகம் இவருடைய பெயரில் தேசிய வேதியியல் பரிசை 1964 முதல் வழங்கிவருகிறது. சுரங்கவியல் கல்லூரிக்காகக் கட்டப்பட்ட மாளிகை மெக்சிக்கோ நகரின் நடுவே இன்றும் உள்ளது. தாம் தேர்ந்த பெயர் நிலைக்காவிட்டாலும், தாம் கண்ட தனிமத்தாலும் தாம் உருவாக்கிய மாணவர் மரபாலும் டெல் ரியோ நினைவுகூரப்படுகிறார்.